நோய்க்கென்று ஒரு வயல்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊர். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலங்களில் ஒன்று, மண்ணில் நோய் இருக்கிறது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. குளிர்காலக் கடைசியில் அந்த நிலத்தின் ஓரம் நின்றால் முதலில் கண்ணில் படுவது மஞ்சள். சில கோதுமை வரிசைகள் வெளிறி, குட்டையாகி, தூர் கட்டாமல் நிற்கும். அடுத்த வரிசை கரும்பச்சையாக எழுந்து நிற்கும். அதற்கடுத்தது இரண்டும்கெட்டானாக இருக்கும். ஆய்வாளர்கள் தாளும் பேனாவுமாக வரிசைக்கு வரிசை குனிந்து பார்த்து மதிப்பெண் போட்டுக்கொண்டு போவார்கள். ஏதாவது ஓர் ஆண்டு மஞ்சளே தலைகாட்டாமல் வயல் முழுக்கப் பச்சையாக இருந்துவிட்டால் அவர்களுக்கு அது கெட்ட ஆண்டு.

உழவர் தன் நிலத்தில் காண அஞ்சுவதை இங்கே எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். கெடுதலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு, அதன் நடுவே விதையைப் போட்டு, எது தாங்குகிறது என்று பார்க்கிறார்கள்.

இதே ஏற்பாட்டை மனித வாழ்க்கைக்குப் பொருத்திப் பேசும் பழக்கம் மிகப் பழையது. வீட்டில் அகால மரணம் நேர்ந்தாலும், குழந்தைக்குத் தீராத நோய் வந்தாலும், விளைந்த பயிர் ஒரே இரவில் மூழ்கினாலும், துக்கம் கேட்க வருகிறவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்: இது கடவுளின் சோதனை. யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர், சைவர், வைணவர் எல்லோரிடமும் இந்த ஆறுதல் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சோதிப்பது என்றால் என்ன, அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை யாரும் அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. கோதுமை வயலில் வேலை செய்பவர்கள் யோசித்தே ஆக வேண்டும். சோதனையின் இலக்கணம் அவர்களுக்குத் தெரிந்த அளவு இறையியலாளர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

ஸ்டில்வாட்டர் மண்ணிலுள்ள அந்தக் கோதுமை நோய் 1919-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றையொட்டிய கிரானைட் சிட்டி வட்டாரத்தில், குளிர்காலம் கழிந்த பிறகும் கோதுமை எழும்பவில்லை. செடிகள் தரையோடு தரையாகக் கொத்துக் கொத்தாகச் சுருங்கிக் கிடந்தன. பயிரையே வாரிக்கொண்டு போகும் ஒரு வேர்நோய் கடல் தாண்டி வந்துவிட்டதோ என்று வேளாண் துறை பதறியது. மெக்கின்னி என்ற நோயியலாளர் 1920-களில் ஆண்டுக்கணக்கில் இதைத் துருவிப் பார்த்து, இது தேமல் நோய், மண்ணிலிருந்து தொற்றுகிறது என்று காட்டினார். வைரஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் சரியாகத் தெரியாத காலம் அது. மண்ணில் ஒரு வைரஸ் எப்படி உயிரோடு காத்திருக்கும் என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

விடை நாற்பது ஆண்டு கழித்து வந்தது. கோதுமை வேர்களுக்குள் ஒட்டி வாழும் நுண்ணுயிர் ஒன்றைக் கனடாவில் லெடிங்காம் 1939-இலேயே விவரித்து, பாலிமிக்சா கிராமினிஸ் என்று பெயர் சூட்டியிருந்தார். வெகுகாலம் பூஞ்சை என்று கருதப்பட்டு, இப்போது பூஞ்சையே அல்ல என்று ஒதுக்கப்பட்டுவிட்ட உயிர் அது. தன்னளவில் அது கோதுமைக்குப் பெரிய கெடுதல் எதுவும் செய்வதில்லை. ஆனால் வைரஸைச் சுமப்பது அதுதான் என்பது 1960-களில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில் உறுதியானது. இலையுதிர் காலத்தில் மண் குளிர்ந்து நனையும்போது அதன் வித்துகள் விழிக்கும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலத்தில் நீந்திப் போய், முளைத்துச் சில நாளே ஆன கோதுமையின் வேர்த்தூவியைத் தொட்டு, தன் உள்ளடக்கத்தை அதற்குள் செலுத்திவிடும். உள்ளே வைரஸ் இறங்கிவிடும். குளிர்காலம் முழுக்க வெளியே ஒன்றும் தெரியாது. இளவேனிலில்தான் இலையில் வெளிர்பச்சைத் திட்டுகள் வரும். உழவர் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தை அள்ளி வீசுவதும் உண்டு. வெயில் ஏறி இருபது டிகிரிக்கு மேல் போனதும் வைரஸ் அடங்கிவிடும், புது இலைகள் பச்சையாகவே வரும். அப்போதே தூர் குறைந்து, கதிர் குறைந்து, மகசூலின் கணக்கு முடிந்துபோயிருக்கும்.

பயிர் அறுவடையான பின்னும் பாலிமிக்சாவின் தடித்த சுவருள்ள வித்துகள் வேர்த்துணுக்குகளோடு மண்ணில் தங்கிவிடுகின்றன. அவற்றுக்குள் வைரஸும் தங்கிவிடுகிறது. ஓராண்டு, ஈராண்டு இல்லை, பல பத்தாண்டுகள். கோதுமையே விதைக்காமல் வேறு பயிர் போட்டாலும் அவை காத்திருக்கும். ஏர்முனையில் ஒட்டிய மண்ணோடும், டிராக்டர் சக்கரத்தோடும், காலணியோடும் அடுத்த வயலுக்குப் போகும். நீராவியாலும் வேதிப்பொருளாலும் சிறு பாத்தியைத் தூய்மைப்படுத்திப் பார்க்கலாம், நோய் வராது. நூற்றுக்கணக்கான ஏக்கரை அப்படிச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது. (இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. நிலக்கடலைச் செடியைக் குட்டையாக்கிப் புதராக நிறுத்தும் ஒரு வைரஸ் இதே பாலிமிக்சா வழியாக இந்திய மண்ணில் பரவுகிறது. ராஜஸ்தானில் அது கோதுமையையும் தொற்றிக் குட்டையாக்கியிருக்கிறது.)

ஆகவே தப்பிக்க ஒரே வழி, தாங்கும் விதையைக் கண்டுபிடிப்பது. அது முடியும் என்பதற்கான தடயம் இல்லினாயிலேயே கிடைத்தது. அங்கே பரவலாக விதைக்கப்பட்ட ஹார்வெஸ்ட் குயீன் என்ற ரகம் நொந்து சுருண்ட அதே மண்ணில், வேறு சில ரகங்கள் எதுவும் நடக்காததுபோல் நின்றன. அன்று தொடங்கிய தேடல் கன்சாஸில் 1977-இல் வெளியான நியூட்டன் போன்ற ரகங்களாகக் கனிந்தது. இத்தாலியில் பொலோன்யாவுக்கு அருகே காத்ரியானோ என்ற இடத்தில், பாஸ்தாவுக்கான துரும் கோதுமை ரகங்களை நோயுள்ள மண்ணில் விதைத்து ஆண்டுதோறும் மதிப்பிட்டு வந்தார்கள். இங்கிலாந்தில் இதன் உறவுக்கார வைரஸ் 1999-இல் வில்ட்ஷயரில் கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கும் சோதனை தொடங்கியது.

இந்தச் சோதனை நடக்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நூறு ரகங்களை விதைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் ஒரு வரிசையாகப் போட்டுவிட்டு முடிவு சொன்னால் அது சோதனை ஆகாது. நோய் நிலத்தில் சமமாகப் பரவியிருப்பதில்லை. தாழ்ந்த, நீர் தேங்கும் மூலையில் அடர்ந்திருக்கும், மேட்டில் மெலிந்திருக்கும். மேட்டில் விழுந்த ரகம் பச்சையாக நிற்பது அதன் திறமையால் அல்ல. ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் மூன்று நான்கு தொகுதிகளில், சீட்டுக் குலுக்கியதுபோல் வெவ்வேறு இடங்களில் போடுகிறார்கள். இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவர் ரொனால்டு ஃபிஷர். இல்லினாய் கோதுமை சுருண்ட அதே 1919-இல்தான் அவர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நிலம் ஒருபோதும் சமமாக இருக்காது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகே பயிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட அடித்தளம்.

அடுத்தது, நோய்க்கு எளிதில் விழும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ரகத்தைச் சில வரிசைகளுக்கு ஒருமுறை இடையிடையே விதைப்பார்கள். அது ஒப்பீட்டு வரிசை. அதன் வேலை நோயுறுவது. அது மஞ்சளானால்தான் அந்த இடத்தில் நோய் உண்மையில் இருந்தது என்பதற்குச் சாட்சி. இலையுதிர் காலம் வறண்டு போய் வித்துகள் விழிக்காமலே இருந்துவிட்டால் ஒப்பீட்டு வரிசையும் பச்சையாக நிற்கும். அப்போது பக்கத்து வரிசைகளின் பச்சைக்கும் மதிப்பில்லை. அந்த ஆண்டின் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி விதைக்க வேண்டும்.

கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்ணையும் நம்பிவிடுவதில்லை. இலையைக் கிள்ளிக்கொண்டு போய் எலைசா சோதனை செய்கிறார்கள். பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிகளில் இலைச்சாற்றை விட்டால், வைரஸ் இருக்கும் குழி மஞ்சளாக மாறும். நோய் இருந்தும் தாங்கி நின்ற செடி வேறு. நோய் அண்டாமலேயே நல்லபடியாக நின்ற செடி வேறு. வயலில் வேலை செய்பவர்கள் இரண்டாவதைத் தப்பிப் பிழைத்தது என்று தனியாகக் குறிப்பார்கள். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

விவிலியத்தின் யோபு நூலில் சாத்தான் எழுப்பும் கேள்வி இதுவேதான். ஊத்ஸ் தேசத்தில் யோபு என்றொருவன். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், ஏழு மகன்கள், மூன்று மகள்கள். மாசற்றவன் என்று கடவுள் அவனைப் பாராட்டுகிறார். அவனைச் சுற்றி நீர்தானே வேலி போட்டு வைத்திருக்கிறீர், வேலியை எடுத்துவிட்டுப் பாரும் என்கிறான் சாத்தான். அதாவது, இவன் தாங்கி நிற்பவன் என்பதற்கு என்ன ஆதாரம், இவன் வெறுமே தப்பிப் பிழைத்தவனாக இருக்கலாமே என்ற கேள்வி. நியாயமான கேள்வி. வேலிக்குள் வளர்ந்த நல்லதனத்தைப் பற்றி யாருக்கும் உறுதியாகத் தெரியாதுதான்.

தத்துவவாதிகள் தாமஸ் நேகலும் பெர்னார்டு வில்லியம்ஸும் 1976-இல் இதே சங்கடத்தை வேறு விதமாக எடுத்து விவாதித்தார்கள். நேகல் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். நாஜி ஆட்சியில் வதைமுகாம் அதிகாரியாக இருந்த ஒருவன், நாஜிகள் ஆட்சிக்கு வராமலே போயிருந்தால் யாருக்கும் தீங்கில்லாத அமைதியான வாழ்க்கை வாழ்ந்திருக்கலாம். ஜெர்மனியைவிட்டு 1930-இல் தொழில் நிமித்தம் அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கேயே கௌரவமாக வாழ்ந்து முடித்த இன்னொருவன், ஊரிலேயே இருந்திருந்தால் அதே முகாமின் அதிகாரியாகியிருக்கலாம். முதலாமவன் தாழ்ந்த மூலையில் விழுந்தான், இரண்டாமவன் மேட்டில் விழுந்தான். நல்லவர் என்று பெயரெடுத்த எத்தனையோ பேர் வெறுமே நோய் அண்டாத வரிசைகளாக இருக்கக்கூடும். இதை ஏற்றுக்கொண்டால் அடுத்தவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வாய் கொஞ்சம் அடங்கும். கோதுமை ஆய்வாளர் நிலத்தின் மேடு பள்ளத்துக்காக நான்கு இடங்களில் விதைத்துப் பார்க்கிறார். மனிதன் ஒரே இடத்தில், ஒரே ஒருமுறைதான் விதைக்கப்படுகிறான்.

சோதனை என்ற ஆறுதல் இங்கே முதல்முறையாக இடறுகிறது. அடுத்த இடறல் இன்னும் ஆழமானது.

துன்பம் ஒருவரைச் சோதிக்கிறது என்று சொல்பவர்கள் அதே மூச்சில் துன்பம் அவரை உறுதியாக்குகிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள். இவை இரண்டும் ஒன்றல்ல. காத்ரியானோவின் மண்ணில் நோய் எந்த ரகத்தையும் வலுப்படுத்தியதில்லை. தாங்கிய ரகம் விதையிலேயே தாங்கும் திறனோடு வந்தது. தாங்காத ரகம் நோயால் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. அது குட்டையானது, கதிர் சிறுத்தது, மோசமான ஆண்டுகளில் மகசூலில் பாதிக்கும் மேல் போனது. அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் மறுபடியும் அப்படியே சுருளும்.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல சான்று உண்டு. காடென்சா என்ற ஆங்கிலேயக் கோதுமை ரகம், அந்த நாட்டில் அந்த உறவுக்கார வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே விளைந்துகொண்டிருந்தது. நோய் வந்த பிறகு சோதித்துப் பார்த்தபோது அது அசையாமல் நின்றது. அதன் ஐந்தாம் டி குரோமோசோமின் நீண்ட கரத்தில் எஸ்.பி.எம்.1 என்று பின்னால் பெயரிடப்பட்ட மரபணு இருந்ததுதான் காரணம். யாரும் சோதிக்காத காலத்திலும் அந்தத் திறன் அங்கே முழுசாக இருந்தது. சோதனை அதை உண்டாக்கவில்லை, கண்டுபிடித்தது மட்டுமே. துரும் கோதுமைக்கு டி குரோமோசோம்களே கிடையாது. அது இரண்டாம் பி குரோமோசோமிலுள்ள வேறொரு காரணியால் தாங்குகிறது. இரண்டும் பிறவிச் சொத்து.

இரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை இரேனேயுஸின் சிந்தனையை அடியொற்றி, ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஹிக் 1966-இல் ஒரு பெரிய வாதத்தை முன்வைத்தார். இந்த உலகம் சுகமாக வாழ்வதற்காகப் படைக்கப்பட்டதல்ல, ஆன்மா உருவாவதற்காகப் படைக்கப்பட்டது, அதற்குத் துன்பம் வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். சோதிப்பவர் கடவுள் என்ற வாதத்தைவிட இது மேலானது. இங்கே கடவுள் மதிப்பெண் போடுகிறவர் இல்லை, வளர்க்கிறவர். ஹிக் நேர்மையானவர். துன்பம் பல நேரங்களில் மனிதரை வளர்க்காமல் நசுக்கிவிடுகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே இந்த வளர்ச்சி மரணத்துக்கு அப்பாலும் தொடர்ந்தாக வேண்டும் என்று தன் வாதத்தை நீட்டினார். இந்த உலகத்துக்குள் நின்று பார்த்தால் கணக்கு நேராகவில்லை என்பதற்கு இதைவிட வலுவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

அந்த நசுங்கலை உள்ளிருந்து எழுதியவர் சிமோன் வெய். படித்த, வசதியான குடும்பத்துப் பெண். 1934, 1935-இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலித் தொழிலாளியாகத் தானே போய் வேலை செய்தார். சாதாரண வலி வேறு, மனிதரைப் பிடுங்கி எறியும் பெருந்துன்பம் வேறு என்று 1942-இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். பெருந்துன்பம் உடலை மட்டும் தாக்குவதில்லை, ஊரார் முன் ஒருவரைத் தாழ்த்துகிறது, அவர் தன்னையே வெறுக்கும்படி செய்கிறது, அந்த நேரத்தில் கடவுள் இல்லாதவராகிவிடுகிறார் என்றார். அவரும் யோபுவைத்தான் சான்றுக்கு அழைத்தார். ஆழ்ந்த நம்பிக்கையோடு எழுதிய அவர், துன்பம் ஆளை வளர்க்கும் என்ற எளிய ஆறுதலை யார் கையிலும் கொடுக்கவில்லை.

மூன்றாவது இடறல்தான் தாங்க முடியாதது. அது ஒப்பீட்டு வரிசை பற்றியது.

யோபு சோதிக்கப்பட்டான் என்று சொல்லும்போது கதையில் இறந்துபோன மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். ஏர் உழுதுகொண்டிருந்த வேலையாட்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள். ஆடு மேய்த்தவர்கள் வானிலிருந்து விழுந்த நெருப்பில் எரிகிறார்கள். பாலைவனக் காற்று வீட்டின் நான்கு மூலையையும் அடிக்க, விருந்துண்டுகொண்டிருந்த பத்துப் பிள்ளைகளும் இடிபாட்டில் சாகிறார்கள். அவர்கள் எதற்காகச் சோதிக்கப்பட்டார்கள்? அவர்கள் சோதிக்கப்படவே இல்லை. இன்னொருவனுடைய சோதனையில் பயன்படுத்தப்பட்டார்கள். கதையின் முடிவில் யோபுவின் ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்புகின்றன: 14,000 ஆடுகள், 6,000 ஒட்டகங்கள், 1,000 ஏர் மாடுகள். பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. மறுபடி ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பழைய பத்துப் பேருக்கு அந்தப் புதிய பத்துப் பேர் எந்த வகையிலும் ஈடாக மாட்டார்கள் என்பது பிள்ளையை இழந்த எவருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டுக் கூத்து மேடையில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர மயான காண்டமும் இதே வடிவம் கொண்டது. வானுலகில் இரண்டு முனிவர்களுக்குள் வாதம். மண்ணில் ஓர் அரசனுக்குச் சோதனை. அவன் மனைவி சந்திரமதி காசியில் அடிமையாக விற்கப்படுகிறாள். மகன் லோகிதாசன் பாம்பு கடித்துச் சாகிறான். பிள்ளையின் பிணத்தை மடியில் போட்டுச் சந்திரமதி ஒப்பாரி வைக்கும்போது, பார்க்க வந்த பெண்கள் அரிச்சந்திரனின் வாய்மைக்காக அழுவதில்லை, அவளுக்காக அழுகிறார்கள். அந்தக் கதையைச் சொன்னவர்களாலும் இதைத் தாங்க முடிந்திருக்காது. அதனால்தான் லோகிதாசன் கடைசியில் உயிரோடு எழுகிறான். வேறொரு பிள்ளையைக் கொடுத்துச் சமாளிக்காமல் அதே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த வகையில் அரிச்சந்திரன் கதை யோபு கதையைவிடக் கருணை உள்ளது.

ஸ்டில்வாட்டரில் ஒப்பீட்டு வரிசையாக விதைக்கப்படும் கோதுமையைப் பற்றி யாரும் வருந்த வேண்டியதில்லை. அதற்கு வலி கிடையாது, எதிர்காலம் பற்றிய ஆசை கிடையாது. கெட்டுப்போவதற்கென்றே ஒரு வரிசையை விதைப்பது அங்கே நியாயம்தான். ஒரு குழந்தையை, அதன் தகப்பனின் உறுதியை அளப்பதற்காகக் கெட்டுப்போக விடுவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. செய்பவர் கடவுளாக இருந்தாலும் ஆகாது. கடவுளை நம்புகிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். கடவுள் நல்லவர் என்று நம்பிக்கொண்டே, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நோயை அதன் பெற்றோருக்கு வைத்த சோதனை என்று சொல்பவர், தன் கடவுளைப் பற்றி எவ்வளவு மோசமான ஒன்றைச் சொல்கிறோம் என்பதை உணர்வதில்லை.

அப்படியானால் சோதனை என்ற எண்ணத்தையே தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் சரியில்லை. தன் நோயைத் தனக்கு வந்த சோதனையாக ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து எழுந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். புற்றுநோய் மருத்துவமனையின் வராந்தாவில் காத்திருக்கும் பெண், இதை நான் தாண்டிவிடுவேன், ஆண்டவன் என்னைச் சோதிக்கிறான் என்று சொல்லும்போது யாருக்கும் அதை மறுக்க உரிமை இல்லை. அவள் தன் துன்பத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கிறாள். நோயைத் தானே சுமக்கிற ஒருத்தி, தன் மண்ணில் நின்றுகொண்டு தன்னைப் பற்றிச் சொல்லும் சொல் அது. அதே சொல்லை அவளைப் பார்க்க வந்த உறவினர் சொன்னால் அதன் பொருள் மாறிவிடுகிறது. அவர் அந்த மண்ணில் இல்லை. அவர் கையில் ஒப்பீட்டு வரிசை இல்லை, நான்கு தொகுதிகள் இல்லை, பல ஆண்டுக் குறிப்பேடு இல்லை. ஒரே ஒரு செடியை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, யார் எதற்காக விதைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

தாங்கும் கோதுமையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் வேருக்குள் பாலிமிக்சா வழக்கம்போல் நுழைகிறது. வைரஸும் சில வேளை வேரில் காணப்படுகிறது. ஆனால் மேலே இலைக்கு ஏறுவதில்லை. எஸ்.பி.எம்.1 மரபணு செய்வது பெரும்பாலும் இந்தத் தடுப்பைத்தான். மண் சுத்தமாவதில்லை, அடுத்த ஆண்டு தாங்காத ரகத்தை விதைத்தால் அது அப்படியே சுருளும். நோயை ஒழிக்காமலேயே நோயுள்ள மண்ணில் ஒரு முழுப் பயிரை எடுக்க முடிகிறது. துரு நோய்க்கு எதிரான மரபணுக்கள் பல சில ஆண்டுகளிலேயே தோற்றுப்போகும் நிலையில், இந்தத் தாங்கும் திறன் பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்கிறது. கன்சாஸ், ஒக்லஹோமா உழவர்களுக்கு இப்போது ரகங்களின் பட்டியலில் இந்த நோய்க்கு எதிரே போட்டிருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்து விதை வாங்கினால் போதும். ஆய்வு நிலத்தில் சுருண்ட வரிசைகளின் பயன் அவர்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. சோதித்தவர்கள் தங்கள் மதிப்பெண்களை வெளியிடுகிறார்கள், தவறினால் திருத்துகிறார்கள், யாருக்காகச் சோதித்தோம் என்று கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

யோபுவுக்கு அப்படி யாரும் பதில் சொல்லவில்லை. அவன் தன் தரப்பை எடுத்துவைத்து முடிக்கும் இடம் கவனிக்கத் தக்கது. ஏழைகளுக்கு என்ன செய்தேன், வேலையாட்களை எப்படி நடத்தினேன் என்று வரிசையாகச் சத்தியம் செய்துவிட்டு, கடைசியாகத் தன் நிலத்துக்கு வருகிறான். என் நிலம் எனக்கு எதிராகக் கூக்குரலிட்டிருந்தால், கூலி கொடுக்காமல் அதன் விளைச்சலைத் தின்றிருந்தால், கோதுமைக்குப் பதில் முள்ளும் வாற்கோதுமைக்குப் பதில் களையும் அங்கே முளைக்கட்டும் என்ற பொருளில் பேசி முடிக்கிறான். பிறகு கடவுள் சூறாவளியிலிருந்து பேசுகிறார். விண்மீன்களையும் கடலையும் காட்டு மாட்டையும் பற்றி நெடுநேரம் பேசுகிறார். சாத்தானோடு பந்தயம் ஒன்று நடந்தது என்பதை மட்டும் ஓரிடத்திலும் சொல்வதில்லை. வாசகருக்குத் தெரிந்த அந்த இரகசியம் யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. இது உனக்கு வைத்த சோதனை என்று கடவுளே அவனிடம் சொல்லவில்லை.

விளக்கம் சொன்னவர்கள் நண்பர்கள். எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் வந்து முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசத் தொடங்கியதும் ஒவ்வொருவரும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: நீ செய்த பாவம், உன் பிள்ளைகள் செய்த பாவம், கடவுள் உன்னைத் திருத்துகிறார். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1791-இல், கடவுளுக்காக வாதாடும் தத்துவ முயற்சிகள் எல்லாம் ஏன் தோற்றுப்போகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் நின்று பேசுவது இந்த நண்பர்களிடம்தான். தங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல், கடவுளின் தயவைப் பெறுவதற்காகப் பேசினார்கள் என்று குற்றம் சாட்டுகிறார். யோபு தான் உணர்ந்ததைப் பேசினான், அந்த நேர்மைதான் அவனைக் காப்பாற்றியது என்கிறார். பிரஷ்ய அரசு மத விவகாரங்களில் எழுத்தாளர்களின் கையைக் கட்டிக்கொண்டிருந்த காலம். யோபு தன் காலத்து இறையியல் மன்றங்களின் முன் நின்றிருந்தால் அநேகமாக எங்கும் தண்டனை பெற்றிருப்பான் என்றும் கான்ட் அதே கட்டுரையில் துணிந்து எழுதினார்.

நூலின் கடைசி அத்தியாயத்தில் கடவுள் கோபப்படுவதும் இந்த நண்பர்கள்மீதுதான். தன்னைப் பற்றி யோபு பேசியதுபோல் அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளை நேருக்கு நேர் குற்றம் சாட்டிய யோபுவின் பேச்சு சரி, கடவுளை நியாயப்படுத்திய நண்பர்களின் பேச்சு தவறு. ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலி கொடுக்கும்படியும், யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்வான் என்றும் சொல்கிறார். உடம்பெல்லாம் புண்ணாக இருந்த யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறான். அவன் இழந்த செல்வம் அதற்குப் பிறகே திரும்புகிறது.